பொட்டுக்கு அடியில் இருந்த வரைபடம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, கண்ணாடி போட்ட முட்டாள். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிற நிலைமையில், ஒரு வீடியோ கேமின் எந்தப் பாகம் ஒசத்தி என்று நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரி போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு நெனச்சேன், அப்படி டைப் அடிக்கீக" என்றாள். உடம்பு சரியில்லாதது யாருக்கு என்று நான் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்த விளையாட்டுதான். பெயரைச் சொன்னால் மறுபடியும் சண்டை மூளும். ஒரு ரவுடிப் பயல் ஊருக்குள் இஷ்டம்போல் சுற்றுவான், ரோட்டில் போகிற காரை நிறுத்தி ஓட்டுகிறவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஏறிப் போவான், போலீஸ் துரத்தும். அதில் கடற்கரை ஊரில் நடக்கிற பாகம் முந்தினது. மூன்று ஊர், பாலைவனம், மலை எல்லாம் வருவது பிந்தினது. நம் வகுப்பே பிந்தினதுதான் ஒசத்தி என்றது. நான் ஒருவன் மட்டும் முந்தினது என்றேன்.

நீங்கள் அடுக்கிய காரணங்கள் அத்தனையும் நியாயம். முந்தினதில் ஊர் பந்தல்குடி அளவுக்குத்தான் இருக்கும். கதாநாயகன் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் செத்துப்போவான். பிந்தினதில் நீந்துவான், சைக்கிள் மிதிப்பான், பறப்பான், நிறையச் சாப்பிட்டால் தொப்பைகூடப் போடுவான். இதற்கெல்லாம் பதிலாக நான் "கதையில் அழுத்தம்", "இசையில் ஆழம்" என்று ஏதேதோ எழுதினேன். எல்லாம் பொய். ஆங்கிலத்தில் நடந்த அந்தக் கதை எனக்கு இன்றுவரை புரியாது. உண்மையான காரணத்தை எழுத எனக்கு மூன்று நாள் போதவில்லை. அதனால் இப்போது நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகலாம்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை. திருச்சுழி ரோட்டில், அருப்புக்கோட்டை முடிகிற இடத்தில் எங்கள் வீடு. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். வேலை விட்டு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்தாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதற்கு முந்தின தலைமுறை வரை எங்கள் ஆட்கள் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். மில்லுக்குள் முதலில் நுழைந்தது அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அவர்தான் அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அந்தக் கையை அப்பா கடைசிவரை விடவேயில்லை.

அக்கா எங்கள் வகையறாவில் காலேஜுக்குப் போன முதல் ஆள். பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருஷம். வீட்டில் பழகிப்பார்க்க மிஷின் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பந்தல்குடியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டரை ஷேர் ஆட்டோவில், போர்வை சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருகிற மாதிரி ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொன்னாராம்.

புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் எங்கள் அம்மா உள்ளே விடமாட்டாள். கிரைண்டருக்கு வைத்தாள், சைக்கிளுக்கு வைத்தாள். கம்ப்யூட்டருக்கு எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு திரைக் கண்ணாடியின் இடதுபக்கக் கீழ்மூலையில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். "தொடச்சீக, தொலைச்சிருவேன்" என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் ஏறியது.

சென்டர்க்காரர் அழிக்காமல் கொடுத்த மிஷின் அது. அதற்குள் இந்த விளையாட்டு இருந்ததை நான் இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு.

விளையாடியவர்களுக்குத் தெரியும், அந்தப் பாகத்தில் ஊர் வரைபடம் திரையின் இடதுபக்கக் கீழ்மூலையில்தான் வட்டமாகத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அங்கே சந்தனம் இருந்தது. விளையாட்டில் அப்படியொரு வரைபடம் இருப்பதே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கே போகிறோம், எங்கே திரும்புகிறோம் என்று அக்கா தெருத்தெருவாக மனப்பாடம் செய்தாள். "அந்த ரோஸ் கலர் ஓட்டல் தாண்டி ரைட்டு, பாலம் ஏறி லெப்டு" என்பாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவள் தனியாகப் போனதில்லை. அந்தக் கடற்கரை ஊரில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது.

ஒரே கீபோர்டு, இரண்டு பேர். நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம். இடதுபக்கம் என்னுடையது: முன்னே போ, நில், பின்னே வா. வலதுபக்கம் அவளுடையது: திரும்பு. ஒரு காருக்கு இரண்டு டிரைவர். இதைவிடக் கேவலமான ஏற்பாடு உலகத்தில் இருந்திருக்காது. நான் மிதிப்பேன், அவள் திருப்புவாள், இரண்டுக்கும் நடுவில் ஒரு தென்னைமரம் வந்து நிற்கும்.

"ஏலே, நான் திருப்புறதுக்குள்ள எதுக்குடா மிதிக்க?"

"நீ திருப்புவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு எதுக்கு இருக்கு, வெங்காயம் உரிக்கவா?"

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அவள் தோள் லேசாகச் சாய்ந்தால் நான் வேகத்தைக் குறைப்பேன். வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம்.

அக்காவுக்குச் சுடப் பிடிக்காது. அந்த விளையாட்டில் டாக்ஸி ஒன்றை எடுத்தால் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கலாம். அவள் அதைத்தான் செய்வாள். டாக்ஸியைத் திருடித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. அதற்கும் அந்த டிரைவர் வெளியே இறங்கி நிற்கிற சமயமாகப் பார்த்து எடுக்கச் சொல்வாள். "பாவம்டா, இழுத்துப் போடாத." எடுத்தபின் சிக்னலில் நிற்பாள். குற்றவாளிகளுக்கென்றே கட்டிய ஊரில், சிவப்பு விழுந்தால் நின்ற ஒரே வண்டி எங்களுடையதாகத்தான் இருக்கும். "செகப்பு! செகப்பு! நிறுத்துடா!" என்று கத்துவாள். பின்னால் வருகிற கார்க்காரன் இடிப்பான். "அவன் இடிச்சா இடிக்கட்டும். நம்ம ஒழுங்கா இருப்போம்."

அங்கே அடிக்கடி மழை பெய்யும். அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. எங்களுக்குக் கோடையில் கரிசல் வெடித்துக் கால்விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். காற்றடித்தால் ரோட்டோரம் காயப்போட்ட மிளகாய் வத்தல் நெடி வீட்டுக்குள் வந்து எல்லோரையும் தும்ம வைக்கும். அம்மா அவரைக்காயை முறத்தில் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்து உட்காருவாள்.

"ஏடி, அங்கன இன்னைக்கு மழை உண்டா?"

"இரும்மா, இப்பத்தான் கறுத்துக்கிட்டு வருது."

மழை விழுந்ததும் அம்மாவின் கை காயை ஒடிப்பதை நிறுத்திவிடும். "நல்லாப் பேயுது. குடுத்து வச்ச சனம்" என்பாள். பிறகு நடைபாதையில் போகிற பொம்மை ஆட்களைப் பார்த்து, "நனையாம ஓரமா ஒதுங்குங்களேன், காய்ச்சல் வந்துரப் போகுது" என்பாள். திரையில் மழை நின்றால் எழுந்து போய்விடுவாள். கதாநாயகன் யார், எதற்கு ஓடுகிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிந்தின பாகத்தின் சிடியை உங்களில் ஒருவன்தான் எனக்குக் கொடுத்தான். யார் என்று சொல்லமாட்டேன், இப்போது அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான். எங்கள் மிஷின் அதைத் தாங்கவில்லை. படம் ஓடாது, ஒவ்வொரு படமாக வந்து நிற்கும். ஒரு ஆள் ஒரு அடி எடுத்துவைப்பதற்குள் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்தத் தவணை முறையில் நாங்கள் பாலைவனத்தில் ஒரு ரோட்டை மட்டும் பார்த்தோம். முள்செடி, செம்மண், கானல். அம்மா முறத்தோடு வந்து பார்த்துவிட்டு, "இது நம்ம திருச்சுழி ரோடுல்ல? இதப் பாக்கவா கரண்டு செலவு பண்ணுறீக?" என்றாள்.

அக்கா சிடியை எடுத்து உறையில் போட்டாள். "இதுக்கு வேற கிராபிக்ஸ் கார்டு போடணும்டா. மதுரையில கிடைக்கும். நான் போனதும் வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் நீயா எவன் வீட்லயும் போய் வெளாடிராத. சேந்துதான் பாக்கணும்."

மதுரை என்பது வெறும் பேச்சு இல்லை. மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் இடம் உண்டென்றும் கடிதம் வந்திருந்தது. அம்மா அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தாள். அப்பா சரி என்றுதான் சொல்லியிருந்தார். பெரியப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. "அண்ணன்கிட்ட நேரம் பாத்து நான் மெதுவாச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் வாய் தொறக்கக் கூடாது." இதைச் சொல்லும்போது அப்பா என்னைப் பார்த்தார். அப்பா, அம்மா, அக்கா மூன்று பேருமே என்னைப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. திட்டம் இதுதான்: வருகிறவர்கள் வரட்டும், கேசரி சாப்பிடட்டும், போகட்டும். பிறகு ஜாதகம் தோதுப்படவில்லை என்று சொல்லிவிடுவது. அன்று காலையில் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"இன்னைக்கு ஒருநா மட்டும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா. கெஞ்சிக் கேக்கேன்."

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

சத்தியம் செய்தேன்.

மூன்று மணி வெயிலில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, கூடப் பெரியப்பா என்று வந்து உட்கார்ந்தார்கள். மிக்சர் தட்டு சுற்றிவந்தது. யாருக்கும் பேசத் தெரியவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று பேசியது. மாப்பிள்ளையின் அப்பா மூலையில் துணி போர்த்தியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, "பாப்பா இதுல என்ன செய்யுது?" என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. வாழ்க்கை முழுக்க எனக்கு இடைவெளிகள்தான் ஆகாது.

"டாக்ஸி ஓட்டுது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார். பெரியப்பாவே சிரித்தார். நான் சொல்லி பெரியப்பா சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஆம்பள பொம்பள யாரு கை காட்டுனாலும் ஏத்திக்கிடும். போலீசு தொரத்துனாலும் பிடிக்க முடியாது."

மறுபடியும் சிரிப்பு, கொஞ்சம் குறைவாக. மாப்பிள்ளையின் அப்பா, "அப்படியா தம்பி? எங்க, ஓட்டிக் காட்டு பாப்போம்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் துணியை உருவிவிட்டேன்.

அக்கா அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். வலதுபக்கத்துக்கு ஆள் இல்லை. இரண்டு பக்கத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். மெதுவாக ஓட்டியிருக்கலாம், சிக்னலில் நின்றிருக்கலாம். அது வேடிக்கையாக இருக்காது என்று எனக்குப் பட்டது. ஒரு காரை நிறுத்தி, ஓட்டிவந்த பெண்ணை வெளியே இழுத்துப் போட்டேன். திருப்பத் தெரியாமல் நடைபாதையில் ஏறி நாலு பேரை அடித்தேன். ரத்தம் தெறித்தது. போலீஸ் வந்தது. தப்பிக்கிறேன் என்று கடற்கரைப் பக்கம் போனேன். அங்கே பெண்கள் என்ன உடுப்பில் நடமாடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு தடவை பார்த்தால் போதாது என்று திரும்பி இன்னொரு தடவையும் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரையில் சைரன் அலறிக்கொண்டிருந்தது. பெரியப்பா எழுந்து நின்றார்.

"காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்காகளா?"

அக்கா காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். "இது பாடம் இல்ல பெரியப்பா. வெளாட்டு."

"பொம்பளப்பிள்ளைக்கு இது வெளாட்டா?" என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "மூணு வருசமா இதுக்குத்தான் பஸ் ஏத்தி விட்டியாடா?"

அப்பா திரையையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. கம்ப்யூட்டர் படிப்பு என்றால் என்ன என்று அவர் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் தெரிவதெல்லாம் கம்ப்யூட்டர் படிப்பு என்றுதான் அந்த அறையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் நினைத்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் வருகிற சிரிப்பு அது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியவா போகிறது?

"வீட்டுக்குப் போய்த் தாக்கல் சொல்லி விடுறோம்" என்று சொல்லிப் போனார்கள். ஒரு சேதியும் வரவில்லை. நான் அக்காவிடம் போய், "பாத்தியா, ஜாதகம் கீதகம்னு பொய் சொல்லாமலே உன்னக் காப்பாத்திட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவளும் ஒரு வாரம் அப்படித்தான் நம்பினாள் என்று நினைக்கிறேன். என் தலையில் ஒரு கொட்டு வைத்துவிட்டு லேசாகச் சிரித்தாள்.

எட்டாம் நாள் பெரியப்பா வந்தார். மதுரை விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. இதை மட்டும் நான் சொல்லவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி பேசினார்.

"உள்ளூர்ல இருந்து படிச்சதுக்கே வந்த சனம் முன்னாடி மானம் போச்சு. மதுரையில ஹாஸ்டல்ல விட்டா என்னென்ன படிச்சிட்டு வருமோ? ஆவணிக்குள்ள நான் ஒரு இடம் பாக்கேன். என்னடா சொல்ற?"

அப்பா புருவத்தைத் தடவினார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவின் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தாள்.

"சரிண்ணே" என்றார் அப்பா.

கம்ப்யூட்டர் அதே போர்வையில் சுற்றப்பட்டு, அதே மாதிரி ஷேர் ஆட்டோவில் போனது. இந்தத் தடவை மெதுவாகப் போ என்று யாரும் சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம். காரியாபட்டியில் கொத்தமல்லி, வத்தல் மொத்த வியாபாரம் பார்க்கிற வீடு. ரேஷன் கார்டு உறைக்குள் இருந்த கடிதம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்க நான் யார்?

இப்போது நானும் ஒரு மகளுக்குத் தகப்பன். அப்பா மேல் கோபம் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. மில்லுக்குள் கூட்டிப்போன கையை எதிர்த்துப் பேச அவருக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை அவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். "ஓட்டினது நான்தான், அக்கா இப்படி ஓட்டாது, அக்கா ஓட்டினா சிக்னல்ல நிக்கும்" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். பத்தே நிமிஷம் அவளை ஓட்டவிட்டுப் பார்த்திருந்தால் பெரியப்பாவே அந்த டாக்ஸியில் ஏறிப்போயிருப்பார். அவர்கள் பார்த்தது என்னை, தீர்ப்புச் சொன்னது அவளுக்கு. ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்த நான், பேசவேண்டிய அந்த இடத்தில் மட்டும் ஊமையாக இருந்தேன்.

வேலைக்குப் போய் முதலில் வாங்கியது அந்தக் கார்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர்தான். பிந்தின பாகத்தைத் தனியாக உட்கார்ந்து முடித்தேன். இதோ, குழுவில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்: நீங்கள் சொன்னதுதான் சரி. பிந்தினதுதான் ஒசத்தி. அதற்கடுத்தவை அதைவிட ஒசத்தி. வானம், தண்ணீர், ஆள் நடக்கிற நடை, எல்லாமே. எனக்குத்தான் திருப்பத் தெரியவில்லை. இன்றைக்கும் என் கைக்கு முன்னே போவதும் நிற்பதும்தான் தெரியும். வளைவு வந்தால் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறேன். முந்தினது ஏன் எனக்கு ஒசத்தி என்று கேட்டீர்களே, அவ்வளவுதான்.

போன மாதம், எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்த பாகத்தையும், டிவியில் மாட்டி அதை விளையாடுகிற பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு காரியாபட்டிக்குப் பஸ் ஏறினேன். மகளுக்கு வாங்கியது என்று வீட்டில் பேர். மாமா, அக்காவின் வீட்டுக்காரர், நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம், திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. "வாங்க மாப்ள" என்று அவரே டிவிக்குப் பின்னால் வயர் மாட்ட உதவி செய்தார். கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். வீடு முழுக்க மல்லி வாசம்.

அக்கா சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தலையில் பாதி நரை. கையில் கொடுத்த கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதுடா நிறுத்துறது?"

காட்டினேன். வண்டியை எடுத்தாள். இருபது அடி போயிருக்கும், ஒரு சுவரில் நேராகப் போய் முட்டி நின்றது. பின்னால் எடுக்கத் தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். அதற்குள் வாசலில் லாரி ஹாரன் கேட்டது. "லோடு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, அதைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதை அவள் வைத்த விதத்தில் கோபமோ வருத்தமோ இருந்ததா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு சாமானை வைக்கிற மாதிரித்தான் வைத்தாள்.

பின்னாலேயே போனேன். லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியைச் செருகி, வந்து விழுகிற மல்லியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வைத்துச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வேடிக்கையும் சேர்க்காமல் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா நீ மதுரைக்குப் போயிருப்ப. படிச்சிருப்ப. நான்தான் கெடுத்தேன். ஓட்டுனது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லல."

அவள் திரும்பவில்லை. உள்ளங்கையில் இருந்ததை முகர்ந்து பார்த்தாள். மூட்டைக்குள் திருப்பிக் கொட்டினாள். அடுத்த மூட்டைக்கு நகர்ந்து குத்தூசியைச் செருகியபடி சொன்னாள்:

"அதுக்கு இப்ப என்ன செய்யணுங்கிற?"